கட்டுப்படியாகிற காலிபர்

துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "ரைபிள் என்ன விலை வரும்?" என்றுதான். நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். வாரத்துக்கு எத்தனை குண்டு சுடப்போகிறீர்கள்? எங்கே வைத்துச் சுடப்போகிறீர்கள்? இந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால், எந்த காலிபர், அதாவது குழல் விட்டத்தின் அளவு, என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடும். ரைபிளை ஒரு தடவை வாங்குகிறோம். குண்டை வாங்கிக்கொண்டேதான் இருக்கப்போகிறோம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். துறைமுகத்தை ஒட்டி, சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் ஆவண வேலை. சின்ன வயதிலிருந்தே திருவொற்றியூர் திருவிழாவிலோ தீவுத்திடல் பொருட்காட்சியிலோ பலூன் சுடும் கடையைப் பார்த்துவிட்டால் கால் நகராது. வேலைக்குப் போய்க் கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு முறையாகக் கற்றுக்கொண்டு, இன்றுவரை சுட்டுக்கொண்டிருக்கிறேன். 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டதிலிருந்து எங்கள் தெருப் பையன்களுக்கும் ஆசை வந்துவிட்டது. "அண்ணா, பாயிண்ட் டூ டூ ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், சரியா?" என்று வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு வாசலில் நின்று சொல்வதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் யூடியூபை ஓரம் வைக்க வேண்டும். அங்கே "மலிவான காலிபர்" என்று பேசுபவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். .22, .223, 7.62 என்று தோட்டாப் பெட்டிகளை அடுக்கி வைத்து ஒப்பிடுவார்கள். அவர்கள் ஊரில் அந்தக் கணக்கு சரி. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. ராணுவம் பயன்படுத்தும் 7.62, 5.56, பழைய .303 எல்லாம் தடை செய்யப்பட்ட வகை, சாதாரண ஆளுக்கு உரிமமே கிடைக்காது. அதனால்தான் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென்று .315 ரைபிள் செய்கின்றன. ஊத்துக்கோட்டைப் பக்கம் விவசாயம் பார்க்கும் எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் உரிமத்தோடு ஒன்று இருக்கிறது. தோள்பட்டையை ஓங்கிக் குத்தும், தோட்டா விலை கையைக் கடிக்கும், சுடுவதற்குப் பெரிய மண்மேடு கட்டிய மைதானம் வேண்டும். அட்டையில் புள்ளி பார்த்துச் சுட நினைப்பவருக்கு அது ஆகாது. அதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பவை மூன்று: வெடிமருந்துத் தோட்டா போடும் .22 எல்ஆர் (லாங் ரைபிள்), காற்றழுத்தத்தில் சுடும் .22 ஏர் ரைபிள், .177 ஏர் ரைபிள். இந்த எண்கள் அங்குலக் கணக்கு. ஆசைப்படுபவர்கள் குழம்புவது இந்த மூன்றுக்குள்தான்.

.22 எல்ஆர் அருமையான தோட்டா. 1887-ல் வந்தது, இன்றும் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் போட்டிக்கு அதுதான். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அதில்தான். உதை மிகக் குறைவு, சத்தமும் பெரிதாக இல்லை, குறி நன்றாக நிற்கும். ரைபிள் கிளப்பில் கோச் சார் பக்கத்தில் நிற்க நான் முதல் தடவை அதைச் சுட்டபோது, இதையே வாங்கிவிட வேண்டும் என்று மனசு துடித்தது. அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தோட்டா 50 அடங்கிய பெட்டியாக வரும். ஒரு தோட்டாவின் விலை பத்து, இருபது ரூபாய்க் கணக்கில் ஓடும், இறக்குமதிச் சரக்கு என்றால் இன்னும் மேலே. போட்டி முறையில் ஒரு சுற்று என்பது 60 குண்டு, அதற்கு முன்னால் குறி சரிபார்க்கக் கொஞ்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரைப் பெட்டி காலி.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். .22 எல்ஆருக்கு ஆயுத உரிமம் வேண்டும். சென்னை மாநகரத்தில் அதை வழங்குவது போலீஸ் கமிஷனர். விண்ணப்பிக்க 21 வயது முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பம், காவல் நிலைய விசாரணை, எதற்காகத் துப்பாக்கி என்பதற்கான காரணம், இத்தனை தோட்டாதான் வாங்கலாம் என்ற வரம்பு, குறித்த காலத்தில் புதுப்பித்தல், தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லும் நடைமுறை என்று வரிசையாக வரும். போட்டியாளராக வளர வேண்டும் என்ற உறுதி உள்ளவர் இதையெல்லாம் செய்யத்தான் வேண்டும், செய்கிறார்கள். மாதத்தில் இரண்டு மூன்று நாள் மனசு லேசாகச் சுட நினைப்பவருக்கு இந்தச் சுமை வேண்டாம் என்பேன். சுடும் இடமும் பிரச்சினைதான். .22 தோட்டா ஒன்றரை மைல் வரை போகும் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒன்றரை மைல் என்றால் எத்தனை ஆயிரம் வீடு என்று நினைத்துப் பாருங்கள். முறையான சுடுதளத்தைத் தவிர வேறு எங்கேயும் அதைச் சுட முடியாது, சுடவும் கூடாது.

அடுத்து .22 ஏர் ரைபிள். பலர் சறுக்கும் இடம் இது. "ஏர்கன்தானே, லைசென்ஸ் எதுக்கு?" என்று நினைத்துவிடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் தெளிவாக ஒரு கோடு போட்டிருக்கின்றன. குழல் விட்டம் .177, அதாவது 4.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. குண்டு வெளியேறும்போது ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகக் கூடாது. இரண்டில் எதைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும். 5.5 மி.மீ. விட்டமுள்ள .22 ஏர் ரைபிள் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் விட்டத்தாலேயே கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஒரு கடையில் என்னிடமே, "சார், பெரிய குழல் அளவு எடுத்துக்குங்க, பவர் நல்லா இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். யாரும் கேட்காத வரை பிரச்சினை இல்லைதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி வாகனச் சோதனையில் ஒருத்தர் கேட்டுவிட்டால் அன்றைக்குப் பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர் இல்லை, நாம்தான்.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் 10 மீட்டரில் .22 ஏர் ரைபிளால் நமக்கு லாபம் கிடையாது. அதன் குண்டு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு, .177 குண்டு சுமார் அரை கிராம். ஈயம் கூடினால் விலையும் கூடும். அதே ஆற்றலில் கனமான குண்டு மெதுவாகப் போகும், சீக்கிரம் தாழும். வேட்டைக்காகச் செய்யப்பட்ட அளவு அது. நாம் அட்டையைச் சுடுகிறவர்கள்.

ஆக, .177. இதைச் சொன்னதும் பையன்கள் முகம் கொஞ்சம் வாடும், ஏதோ குழந்தைச் சாமான் வாங்கச் சொன்னது மாதிரி. அவர்களிடம் நான் சொல்வது இது: 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கிக் கொடுத்தது 4.5 மி.மீ. ஏர் ரைபிளில். 2012 லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங், சென்னையில் பிறந்தவர், அவர் சுட்டதும் அதே அளவு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்களை வாங்கியதும் இதே அளவில்தான். நம் பட்ஜெட்டில் கிடைக்கும் மலிவான காலிபரும் உலகத்தின் உச்சத்தில் இருப்பவர்கள் சுடும் காலிபரும் ஒன்றாக இருப்பது வேறு எந்தத் துப்பாக்கிப் பிரிவிலும் நமக்கு வாய்க்காத சௌகரியம். எனக்கு இது இன்றைக்கும் மகிழ்ச்சி தருகிற விஷயம்.

கணக்கைப் பாருங்கள். .177 பெல்லட், அதாவது ஏர் ரைபிளுக்கான ஈயக் குண்டு, பெரும்பாலும் 500 அடங்கிய டப்பாவாக வரும். உள்நாட்டுச் சரக்கு என்றால் ஒரு பெல்லட் ஒரு ரூபாய் அளவில் முடியும். ஜெர்மன் சரக்கு என்றால் சில ரூபாய். 60 குண்டுச் சுற்று எட்டு முறை சுட ஒரு டப்பா போதும். வாரம் ஒரு சுற்று என்றால் இரண்டு மாதம் ஓடும். எத்தனை தடவை விசையை அழுத்துகிறோமோ அத்தனைக்குத்தான் கை பழகும். கேரம் மாதிரிதான் இதுவும், ஸ்ட்ரைக்கர் விலையைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறவனுக்குக் கை வராது. ஒவ்வொரு குண்டுக்கும் "இருபது ரூபாய் போச்சே" என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சை அடக்கி நிதானமாகச் சுட முடியாது.

அட்டையின் அளவும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இது எவ்வளவு பெரிய சவால் என்பது புரியும். 10 மீட்டர் ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி, பேனா முனை அளவு. முழு வட்டமே 45.5 மி.மீ.தான். 4.5 மி.மீ. பெல்லட் அந்தப் புள்ளியைத் தொட்டுக்கொண்டு போனாலே பத்து. இதை எட்டிப் பிடிக்க ஒரு ஆயுள் போதாது. "10 மீட்டர்தானே" என்பவர்களிடம் ஒரு அட்டையை எடுத்துக் காட்டுவேன், பேச்சு நின்றுவிடும்.

இப்போது இடம். 10 மீட்டர் என்பது 33 அடி. வடசென்னையில் புது அடுக்குமாடி வீடுகளில் இது கிடைக்காது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டையில் பழைய வீடுகள் அகலம் குறைவு, நீளம் அதிகம். எங்கள் வீட்டில் முன்கூடத்திலிருந்து புழக்கடைச் சுவர் வரை நேராக ஒரு நடை போகிறது. நான் சுடுவது அங்கேதான். சுடும்போது புழக்கடைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள், நடைக்குத் திறக்கும் எல்லா அறைக் கதவுகளும் மூடியிருக்கும், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் எனக்குப் பின்னால் இருப்பார்கள். இது தளர்த்த முடியாத விதி. பேத்தியைத் தூக்கிக்கொண்டு அம்மா நடுவில் வந்தால், ரைபிள் கீழே இறங்கும், குழல் திறக்கும், அப்புறம்தான் பேச்சு. அவ்வளவு நீளம் இல்லாதவர்கள் 5 மீட்டரில் பாதி அளவுக்குச் சுருக்கி அச்சடித்த அட்டையை வைத்துச் சுடலாம். கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், நல்ல பயிற்சி.

மொட்டை மாடி மட்டும் வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நம் பக்கம் வீட்டுக்கு வீடு மாடியில் யாராவது இருப்பார்கள், துணி காயப்போடுவார்கள், பையன்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். அதைவிட முக்கியம், புறா. ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் மாடிக்கு மாடி பந்தயப் புறா வளர்க்கிறார்கள். பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளும் பறவை அது. நீங்கள் அட்டையைத்தான் சுடுகிறீர்கள் என்று அடுத்த மாடிக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் புறா ஒன்று திரும்பாமல் போன நாளில் கையில் ரைபிளோடு நீங்கள் மாடியில் நின்றிருந்தால் தெருவே இரண்டாகிவிடும். பறவை, நாய், பூனை எதைச் சுட்டாலும் குற்றம், 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த எண்ணம் உள்ளவன் இந்தப் பக்கமே வரக் கூடாது.

குண்டைப் பிடிக்கும் பெட்டிக்குச் செலவு செய்யுங்கள். அட்டையைச் சுவரில் ஒட்டிச் சுடக் கூடாது, ஈயம் தெறித்துத் திரும்பி வரும். நான் செம்புதாஸ் தெருவில் கனமான இரும்புத் தகடு ஒன்று வெட்டி வாங்கி, மரப்பெட்டிக்குள் கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தி, முன்னால் காட்டன் வேஸ்ட் அடைத்திருக்கிறேன். குண்டு பஞ்சில் வேகம் குறைந்து, தகட்டில் பட்டு, கீழே விழுகிறது. ஈயத்தை அள்ளி டப்பாவில் சேர்த்துவைப்பேன். வட்டமாக வரும் எஃகு பிபி குண்டுகளை இந்த வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள். அவை இரும்பில் பட்டால் வந்த வேகத்தில் திரும்பும், குழலின் உள்வரிகளையும் கெடுக்கும். ஈய பெல்லட் என்றாலும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அட்டைக்குப் பந்தர் தெருவில் கனமான தாள் வாங்கி அச்சடித்துக்கொள்ளலாம். மெல்லிய தாள் கிழிந்துபோய் எங்கே பட்டது என்றே தெரியாது.

ரைபிள் வாங்கும்போது வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். பெட்டியின் மேல் "விநாடிக்கு 1000 அடி" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 8 கிரெய்ன் சொச்சம், அதாவது சுமார் அரை கிராம், எடையுள்ள சாதாரண ஈயக் குண்டு விநாடிக்கு 900 அடி வேகத்தில் போனாலே ஆற்றல் சுமார் 20 ஜூலைத் தொட்டுவிடும். அதாவது உரிமம் தேவைப்படும் கோட்டின் மேலேயே நிற்கும். அந்த 1000 அடியை இலேசான உலோகக் கலவைக் குண்டில் அளந்திருப்பார்கள். 10 மீட்டர் போட்டி ரைபிள்கள் விநாடிக்கு 550, 600 அடியில்தான் சுடுகின்றன, ஆற்றல் ஏழெட்டு ஜூல். வேகம் கூடினால் ஸ்பிரிங்கின் அதிர்வு கூடும், இழுத்து மடக்கக் கை வலிக்கும், சத்தம் கூடும், அக்கம்பக்கம் எட்டிப்பார்க்கும். பலம் குறைந்த ரைபிள்தான் இந்த வேலைக்கு நல்ல ரைபிள். இதைக் கடையில் சொன்னால் விசித்திரமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

தொடங்குகிறவருக்குக் குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைபிள் போதும். உள்நாட்டுத் தயாரிப்புகள் சில ஆயிரங்களில் தொடங்குகின்றன, பிரெசிஹோல் போன்ற நிறுவனங்களின் ரைபிள்களை நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். அழுத்தக் காற்றை அடைத்துச் சுடும் பிசிபி ரைபிளில் அதிர்வே இருக்காது, ஆனால் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று அடிக்க பம்போ சிலிண்டரோ வேண்டும், செலவு அங்கே வேறு தொடங்கும். வெளிநாட்டுப் போட்டி ரைபிள்கள் லட்சங்களில். அதெல்லாம் கிளப்பில் எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு யோசிக்க வேண்டியவை. வாங்கும்போது அடையாள ஆவணத்தைக் கொடுத்து, ரைபிள் எண்ணோடு பில் வாங்குங்கள். வெளியே கொண்டு போகும்போது உறையில் போட்டு, பில் நகலோடு கொண்டு போங்கள். மெட்ரோவில் அனுமதிக்க மாட்டார்கள். விம்கோ நகர் வரை ரயில் வந்துவிட்டது என்று அதில் ஏறப்போய்ச் சோதனையில் நிற்க வேண்டாம்.

ஸ்பிரிங் ரைபிளுக்கு ஒரு குணம் உண்டு. விசையை அழுத்தியதும் காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் இடிக்கும்போது முன்னால் இழுக்கும். குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே இந்த அசைவு தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி குதிக்கும். இடது உள்ளங்கையைத் திறந்து, அதன்மேல் ரைபிள் சும்மா படுத்திருக்கிற மாதிரி விட வேண்டும். இது பிடிபட்ட பிறகு என் அட்டையில் ஓட்டைகள் நெருக்கமாக விழ ஆரம்பித்தன. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கினால் ஏர் ரைபிளுக்கென்றே செய்ததா, 10 மீட்டருக்குக் குவியம் வைக்க முடியுமா என்று பாருங்கள். சாதாரண ஸ்கோப்பை இந்த இருபக்க அதிர்வு உடைத்துவிடும். முதல் ஆறு மாதம் ஸ்கோப் இல்லாமல், ரைபிளின் மேலேயே இருக்கும் இரும்புக் குறியில் சுடுவது நல்லது. குண்டு இல்லாமல் விசையை அழுத்தவே கூடாது. முன்னால் தடுக்கக் குண்டு இல்லாவிட்டால் பிஸ்டன் நேராகப் போய் மோதும்.

கடல் காற்றைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் காற்றில் ஜன்னல் கம்பியே பெயர்ந்து விழுகிறது, ரைபிள் குழல் எம்மாத்திரம். சுட்டு முடித்ததும் வியர்வைக் கை பட்ட இடமெல்லாம் துடைத்து, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரு பூச்சு கொடுப்பேன். தேங்காய் எண்ணெய் பிசுக்கேறிவிடும், வேண்டாம். எண்ணெய் வெளியே மட்டும்தான். காற்று அழுத்தும் அறைக்குள் போனால் அந்த அழுத்தத்தின் சூட்டில் பற்றி வெடித்து உள்ளே காற்று கசியாமல் தடுக்கும் அடைப்பைக் கெடுக்கும். நுரைப்பஞ்சு வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் மூடி வைத்தால் பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் பூட்டி வைக்கிறேன். பெல்லட் வேறு அறையில், வேறு பூட்டில். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ டம்ளரைக்கூடத் தொடுவதில்லை. பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் பலூன் கடையிலிருந்து பலருக்கு வந்திருக்கிறது, அதை உடனே நிறுத்த வேண்டும்.

பெல்லட் தேர்வில் ஒரு விஷயம். அட்டைக்குத் தட்டைத் தலை பெல்லட். காகிதத்தை வட்டமாக வெட்டிக்கொண்டு போகும், புள்ளியைத் தொட்டதா இல்லையா என்ற சந்தேகம் வராது. கூர்முனை, உருண்டைத் தலை எல்லாம் வேறு வேலைக்கு. அதே 4.5 என்று போட்டிருந்தாலும் தலை விட்டம் 4.48, 4.49, 4.50 என்று நுணுக்கமாக மாறும், ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். மூன்று நான்கு வகையில் நண்பர்களிடம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, மேசையில் தலையணை போட்டு ரைபிளைத் தாங்கவைத்து, வகைக்குப் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். விலை உயர்ந்ததில்தான் ஓட்டைகள் நெருக்கமாக விழும் என்று கிடையாது. என் ரைபிளுக்கு நடுத்தர விலையில் ஒன்று அமைந்தது. அப்படி ஒன்று அமைந்ததும் டப்பாவின் அடியில் அச்சடித்திருக்கும் லாட் எண்ணை (எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண்) பார்த்து, அதே எண்ணில் கையில் காசு இருக்கும் அளவுக்கு டப்பாக்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த லாட் வரும்போது அதே பெயரில் வேறு மாதிரி சுடும்.